வியாழக்கிழமை அழுகை

சாரி-பெல் மேய்ச்சல் மேடு
9 ஜூலை 2023

என் குட்டி ஐகானிஷுக்கு உன் பாட்டி உம்சுனாய் எழுதுவது.

அன்று அங்கே இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான் அங்கே இல்லை, நான் பார்க்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது. கூடாரத்துக்குள் நாங்கள் மூன்று பேர்: நான், பக்கத்து வீட்டு ஷார்கான், கணவாய்க்கு அப்பால் மருமகளாகப் போய் ஐந்தே மாதத்தில் திரும்பி வந்த குல்சுன். வெளியே உங்கள் சுற்றுலாக் கம்பெனியின் முகாமைப் பார்த்துக்கொள்ளும் மீர்பெக், பிஷ்கெக் பட்டணத்திலிருந்து வந்தவன், வெயில் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலையில் மாட்டிக்கொண்டு திரிகிறவன். மொழிபெயர்த்துச் சொல்லும் ஜில்திஸ். வண்டியோட்டி தைலாக். பெஞ்சில் ஏழு வெளிநாட்டார். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துப் பெயர் சொன்னார்கள், சொன்ன பெயரை நான் தொலைப்பதில்லை: வெர்னர், அவன் மனைவி இங்க்ரித், சிவப்புத் தாடி மார்ட்டின், கொரியாக்காரி சூயோன், அவள் தங்கை மின்ஹீ, கழுத்துவரை பச்சை குத்திய பாவ்லோ, வாயே திறக்காத கிழவர் ஏரிக். கடைசியாக வந்தவர் உன் தாத்தாவின் தம்பி, நம் சின்னவர். அவர் பெயரை நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஐம்பத்து நான்கு வருஷம், உன் தாத்தாவின் பெயரையோ அவர் அண்ணன் தம்பிமார் பெயரையோ என் நாக்கு தொட்டதில்லை.

வந்திருக்க வேண்டியவள் நீ. நீ வரவில்லை.

நீதான் கேட்டாய், "பாட்டி, பன்னிரண்டே நிமிஷம், ஒரு ஒப்பாரி பாடு, உலகத்துக்குத் தெரியட்டும்" என்று. உலகத்துக்கு எதற்கு நம் வீட்டுச் சாவு என்றேன். சிரித்தாய். நீ சிரித்தால் நான் இளகிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் மீர்பெக் சாவுக் கூடாரம் போட்டான். நம் ஆட்டு ரோமக் கம்பளி இல்லை. சீனாவிலிருந்து சுருட்டி வந்த ஏதோ ஒன்று, வெயில் பட்டதும் மண்ணெண்ணெய் நாற்றம். உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு கம்பளத்தைச் சுருட்டி வைத்து வெள்ளைத் துணியால் மூடினான். அதுதான் பிணம். குனிந்து பார்த்தேன், பிணத்தின் காலில் விலைச்சீட்டு தொங்கியது. ஆளுக்கொரு சின்னக் குப்பியும் கொடுத்தான், கண்ணில் விட்டுக்கொண்டால் தண்ணீர் வருமாம். ஷார்கான் திறந்து மோந்து பார்த்தாள். "என் புருஷன் குடிச்சிட்டு வந்த நாள்ல இது கிடைக்கலையே, சொந்தக் கண்ணீர் எவ்வளவு மிச்சமாயிருக்கும்" என்றாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு சிரிப்பு.

உள்ளே நுழையும்போது குல்சுன்தான் கொடியைப் பார்த்தாள். கூடாரத்துக்குப் பக்கத்தில் நீளக் கம்பில் சிவப்புக் கொடி. "தம்பி, சிவப்பு எளசுங்க செத்தாத்தான். வயசானவங்களுக்கு வெள்ளை" என்று அவனிடம் சொன்னாள். அவன், "வெள்ளை போட்டோவுல எடுபடாதுக்கா. இவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" என்றான்.

இவர்களுக்குத் தெரியாதுதான். எதிர் மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியுமே.

சின்னவர் அங்கிருந்து பார்த்திருக்கிறார். அண்ணி இருக்கும் இடத்தில் சாவுக் கூடாரம், சிவப்புக் கொடி. நம் வீட்டில் இளசு என்று யார்? நீ ஒருத்தி. நீ அந்த வாரம் வருகிறாய் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். வேலை வந்துவிட்டது, வரவில்லை என்று நீ முந்தின நாள் சொன்னது அவர் காதுக்கு இன்னும் போகவில்லை. கணவாயில் கார் உருண்டுவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

பொய்ச் சாவுக்குப் பாட எனக்கு வாய் வராது. ஆகவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒன்பது வருஷத்துக்கு முன் உன் தாத்தாவுக்குப் பாடியதையே பாடினேன். அவர் கைகளைப் பற்றிய வரியைப் பாடிக்கொண்டிருந்தபோது குளம்புச் சத்தம் கேட்டது. அதன் பின்னால் அந்தக் குரல். "ஐயோ என் ஈரக்குலையே, ஐயோ என் ஐகானிஷே." ஷார்கான் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். எல்லாச் சாவுக்கும் ஆண்கள் தூரத்திலிருந்தே அழுதுகொண்டுதான் குதிரையில் வருவார்கள். ஆனால் அந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன், உன் தாத்தா போன அன்று. அன்று அந்தக் குரல் வந்த பிறகுதான் என் புருஷன் செத்துவிட்டார் என்பதே எனக்கு உறைத்தது.

வெளியே ஓடினேன். குதிரைக்குச் சேணம்கூட இல்லை. அவர் இறங்கவில்லை, விழுந்தார். தொப்பியைப் பிடுங்கி மண்ணில் அடித்தார். முழங்காலால் தவழ்ந்து வாசலுக்கு வந்தார். ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இங்க்ரித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீர்பெக் ஓடி வந்து அவரைத் தோளோடு தூக்கி, "தாத்தா, பிரமாதம். இன்னொரு தடவை வர முடியுமா? வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்கு" என்றான்.

அவர் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அண்ணி, எங்க வச்சிருக்கீங்க அவளை?"

குல்சுன்தான் சொன்னாள், "யாரும் சாகலை மாமா. விருந்தாளிங்களுக்குக் காட்டறது இது."

முதலில் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். நீ சாகவில்லை என்ற சந்தோஷம், நான் பார்த்தேன். அதற்கப்புறம்தான் பெஞ்சு, கேமரா, தட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்ணில் பட்டன. தொப்பியை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு, குதிரையில் ஏறாமல், கயிற்றைப் பிடித்து நடந்தே போனார்.

உயிரோடிருப்பவளுக்கு அழுத அழுகை உன்மேல் ஒட்டக் கூடாது என்று அன்றைக்கே எண்ணெயில் ஏழு ரொட்டி சுட்டு ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். நீ செய்ய வேண்டியது இரண்டு. அந்தக் கூடாரமும் கொடியும் இந்த மேட்டில் இனி ஏறக் கூடாது. நீ வந்து சின்னவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுத்து. ஊர் திரும்பும் வெர்னர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆட்கள் சுமந்துகொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி


ஹாம்பர்க்
20 ஜூலை 2023

அன்புள்ள பாட்டிக்கு,

வெர்னர் அலுவலகத்துக்கே வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். "உங்கள் பாட்டி அற்புதமான பெண்மணி" என்றார். வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போய் நின்றுகொண்டு படித்தேன்.

சிவப்புக் கொடி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பாட்டி. நான் எழுதியது ஒரே ஒரு வரி. எங்கள் அலுவலகத்தில் மொராக்கோவிலிருந்து ஒருத்தன், பெருவிலிருந்து ஒருத்தி, நான். எல்லாரும் அவரவர் ஊரை நிகழ்ச்சியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கழுகு வேட்டை, குதிரைப்பால், கூடாரம் கட்டுவது என்று எழுதினேன். "இதெல்லாம் எல்லாக் கம்பெனியும் காட்டுகிறது, வேறு யாரிடமும் இல்லாதது என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். தாத்தா போனபோது நீ மூன்று நாள் பாடினாய். அப்போது எனக்குப் பதினாறு வயது. நம்மிடம் இப்படி ஒன்று இருப்பது இவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இங்கே என் நாட்டின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் அது எங்கே என்று கேட்கிறார்கள். அந்த வெட்கம் உனக்குத் தெரியாது.

சின்னத் தாத்தா என் பெயரைச் சொல்லி அழுதார் என்பதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நிகழ்ச்சியிலிருந்து கூடாரத்தை எடுக்கச் சொல்லி இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். விடுமுறை கிடைத்ததும் வருகிறேன். அவர் எப்படி இருக்கிறார்?

என் மேல் கோபம் குறையாவிட்டாலும் பரவாயில்லை, முழங்காலுக்கு அனுப்பிய களிம்பைத் தடவிக்கொள்.

உன்
ஐகானிஷ்


சாரி-பெல்
3 ஆகஸ்ட் 2023

என் குட்டி ஐகானிஷுக்கு உன் பாட்டி உம்சுனாய் எழுதுவது.

களிம்பு வந்தது. ஆட்டுக்குத் தடவினேன், ஆட்டுக்குக் குணமாகிவிட்டது.

சின்னவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அன்று விட்டுவிட்டு வந்த மந்தையைச் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று, மூன்று ஆடுகளை ஓநாய் தின்றுவிட்டது. அதற்காக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். சுவரிடமே பேசுகிறமாதிரி சொன்னார், "அண்ணி, தொப்பியை மண்ணுல அடிச்சுட்டேன். இனி நெஜமா யாராவது போனா எதை அடிப்பேன்?"

நான் மருமகளாக வந்தபோது அவருக்குப் பதினோரு வயது. நான் கொதிக்க வைத்த பாலைத் திருடி மாட்டிக்கொண்டு, அடி வாங்கி, மறுபடியும் திருடியவர். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு.

உன் வெட்கம் எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் மாஸ்கோவிலிருந்து ஆள் வந்து, ஒப்பாரி பிற்போக்கு, பாடாதீர்கள் என்றான். சரியென்று தலையாட்டிவிட்டு மலையேறிப் போய்ப் பாடினோம். ஒளித்து வைக்க எங்களுக்கு இடம் இருந்தது. இப்போது வருகிறவர்கள் பாடு பாடு என்கிறார்கள். இவர்களிடமிருந்து எங்கே கொண்டுபோய் ஒளிப்பது, சொல்.

மீர்பெக் மன்னிப்புக் கேட்க வந்தான். ஒரு பெட்டி சாக்லேட்டு, கூடவே கண்ணாடி போட்ட பெரிய படம். படத்தில் சின்னவர் குதிரையிலிருந்து விழுகிறார். கால் இன்னும் குதிரை மேல், தலை கீழே. அந்தப் படத்தை அவர் தலைமாட்டில் மாட்ட ஆணியும் கொண்டு வந்திருந்தான். சாக்லேட்டை நாய்க்குப் போட்டேன். நாயும் மோந்துவிட்டு விட்டுவிட்டது.

கூடாரம் இன்னும் நிற்கிறது. போன வாரம் வந்த கூட்டத்தில் ஒரு பெண், பெயர் லொரேன், திரைக்குப் பின்னால் போய்க் கம்பளத்தை நகர்த்திவிட்டு அதன் இடத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டாளாம். குல்சுன் சொன்னாள். நாலு பேர் வரிசையில் நின்றார்களாம், அடுத்த பிணமாகப் படுக்க.

சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் பாட்டி


ஹாம்பர்க்
15 ஆகஸ்ட் 2023

அன்புள்ள பாட்டிக்கு,

நல்ல செய்தி. என் மேலதிகாரியோடு மூன்று தடவை சண்டை போட்டேன். கடைசியில் அவரே எழுதியிருக்கிறார்: பெரியவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, பெரியவர் திருப்தியாக இருக்கிறார், அவரும் நாங்களும் சேர்ந்து ஒரு நல்ல ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம் என்று. அதைப் படித்ததும் எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த வீடியோ வெளியே போய்விட்டது. எடுத்தது பாவ்லோவாம். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். போன திங்கட்கிழமை டிராமில் என் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வைத்தே பார்த்தான். என் பெயர் எனக்குக் கேட்டது. என் சாவுக்கு ஒருத்தர் நெஞ்சு வெடித்து அழுகிறார், நான் கையில் தக்காளிப் பையோடு நிற்கிறேன். பையன் இரண்டு தடவை பார்த்தான். அப்புறம் ஒரு பூனை வீடியோவுக்குப் போய்விட்டான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்தேன்.

யாரும் எனக்காக அப்படி அழுததில்லை, பாட்டி. அதைக் கேட்டுவிட்டுச் சாவது எனக்குச் சம்மதம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. திட்டாதே. அவரிடம் சொல், நான் வந்ததும் முதலில் அவர் வீட்டுக்குத்தான்.

உன்
ஐகானிஷ்


சாரி-பெல்
26 ஆகஸ்ட் 2023

என் குட்டி ஐகானிஷுக்கு உன் பாட்டி உம்சுனாய் எழுதுவது.

உன் நல்ல செய்தியை நேரில் பார்த்துவிட்டு வந்தேன்.

சின்னவர் படுக்கையிலிருந்து எழுந்துவிட்டார், சவரம் செய்துகொண்டார், புதுத் தொப்பி வாங்கியிருக்கிறார் என்று ஷார்கான் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். வியாழக்கிழமைதோறும் உச்சி வேளையில் குதிரையேறி எங்கே போகிறார் என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷார்கான் முகத்தைத் திருப்பி நான் பார்த்ததில்லை. ஆகவே நடந்து போனேன்.

பெஞ்சு நிறைய ஆட்கள், இருபதுக்கு மேல் இருக்கும். ஜில்திஸ் என்னைப் பார்த்துவிட்டு ஓரத்தில் உட்கார வைத்தாள். கூடாரத்துக்குள்ளிருந்து ஒப்பாரி வந்தது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்தேன். என் குரல். அன்று நான் பாடியதைப் பிடித்துவைத்து ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஓடவிட்டிருக்கிறார்கள். உன் தாத்தாவின் கைகள், அவர் கடைசியாகக் கேட்ட தண்ணீர், எல்லாம் வந்தது. பக்கத்தில் ஒருத்தன் அதைக் கேட்டுக்கொண்டே வறுத்த சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

அப்புறம் மேட்டிலிருந்து குதிரை இறங்கியது. இந்தத் தடவை சேணம் உண்டு, சிவப்புக் குஞ்சம் வைத்த சேணம். "ஐயோ என் ஈரக்குலையே, ஐயோ என் ஐகானிஷே." ஒரு பெரிய பாறை இருக்கிறதே, அதன் பக்கத்தில் குதிரையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு மூச்சு நின்றார். எண்ணினேன், நாலு. படம் எடுக்க. அப்புறம் மறுபடியும் அழுதுகொண்டு வந்து, வைக்கோல் பரப்பியிருந்த இடமாகப் பார்த்து விழுந்தார். தொப்பியை அடித்தார். கூட்டம் எழுந்து நின்றது. அவர் பெயரை எல்லாருமாகச் சேர்ந்து கத்தினார்கள். பலகையில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்து, ஆளுக்கொரு மாதிரி கொழகொழவென்று. நான் ஐம்பத்து நான்கு வருஷம் நாக்கில் வைக்காத பெயர், ஐகானிஷ். விதை துப்பிக்கொண்டிருந்தவனும் கத்தினான்.

அவர் எழுந்து கும்பிடுகிறமாதிரி நெஞ்சில் கை வைத்தார். சிரித்தார்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கூச்சமே இல்லை.

"அண்ணி, நீங்களும் வந்தீங்களா. சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சா?"

"உயிரோட இருக்கிற பொண்ணைச் செத்துட்டான்னு வாரா வாரம் கூவறியே, வாய் கூசலையா?" என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அவர் பால் திருடின காலத்துக்கப்புறம் அன்றுதான்.

"பேர் மாத்திக்கறேன்னுதான் சொன்னேன். வீடியோவுல அந்தப் பேர்தான் வருதாம், அதையே கேட்டு வர்றாங்கன்னு மீர்பெக் சொல்றான்." அப்புறம் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார், "ரெண்டு பசங்களும் மாஸ்கோ போயி ஏழு வருஷம். போன் பண்ணினா ஆடு நல்லாருக்கான்னு கேப்பாங்க. இங்க நான் வந்தா முப்பது பேர் எழுந்து நிக்கறாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்? அழுகை என்னோடதுதானே?"

"உன்னோடது இல்லை. செத்தவங்களோடது" என்றேன். "அழும்போது யாரை நெனைச்சுக்கற?"

அவர் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம், அண்ணனை நினைத்துக்கொள்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"யாரையும் இல்லை அண்ணி. குதிரை கால் தடுக்காம பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன். மூன்று தடவை கொப்பளித்தும் அந்த வைக்கோல் நாற்றம் போகவில்லை.

நீ இந்தக் கம்பெனியில் இருக்கும்வரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

உம்சுனாய்


ஹாம்பர்க்
11 செப்டம்பர் 2023

அன்புள்ள பாட்டிக்கு,

கம்பெனியில் இல்லை, அதனால் எழுதலாம். போன வெள்ளிக்கிழமை விட்டுவிட்டேன். நான் விட்டதால் ஒன்றும் நிற்கப்போவதில்லை. என் இடத்துக்கு அடுத்த வாரமே ஆள் வந்துவிடும், அடுத்த கோடைக்கு இருக்கைகள் இப்போதே நிரம்பிவிட்டன. ஆனாலும் விட்டுவிட்டேன்.

சின்னத் தாத்தாவோடு போனில் பேசினேன். நீ போய்ப் பார்த்ததைச் சொன்னார், "உங்க பாட்டி என்னைப் பாத்த பார்வையில பால் திரிஞ்சிடும்" என்றார். அப்புறம், "குட்டி, வாரம் ஒரு தடவை உன்னைச் சாகடிக்கறேன், வாரம் ஒரு தடவை எழுப்பறேன், உனக்கு நூறு வயசு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், பாட்டி. அவர் குரலில் அவ்வளவு தெம்பு இருந்தது. நான் ஊரை விட்டு வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

இதை ஆரம்பித்தது நான். அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்தது நாங்கள் எல்லாரும், நானும் அவர் பிள்ளைகளும். கைதட்டலாவது கிடைக்கட்டுமே. என் பெயரைச் சொல்லி அழுவதில் எனக்கே வருத்தமில்லாதபோது நீ அவரை மன்னித்துவிடக் கூடாதா? கோபித்துக்கொள்ள வேண்டுமென்றால் என்னைக் கோபித்துக்கொள்.

அக்டோபர் கடைசியில் வருகிறேன். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். இந்தத் தடவை வருவேன்.

உன்
ஐகானிஷ்


நரின் தபால் நிலையம் வழியாக
3 அக்டோபர் 2023

என் குட்டி ஐகானிஷுக்கு உன் பாட்டி உம்சுனாய் எழுதுவது.

மேட்டிலிருந்து இறங்கி ஊருக்கு வந்துவிட்டோம். முகாமையும் கழற்றிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன், எப்போது வருமோ வரட்டும், அவர்கள் கையால் வேண்டாம்.

ஷார்கான் போய்விட்டாள். செப்டம்பர் இருபத்தைந்து, திங்கட்கிழமை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சாய்ந்தாள். கிண்ணம் கவிழவில்லை.

நம் கம்பளியில் கூடாரம் போட்டோம். வெள்ளைக் கொடி ஏற்றினோம். நானும் குல்சுனும் ஷார்கானின் இரண்டு மகள்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். பாடினேன். அவள் சிரிப்பைப் பற்றிப் பாடினேன், குடித்துவிட்டு வந்த புருஷனைப் பற்றியும் பாடினேன், மகள்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். நல்ல ஒப்பாரி. ஆனால் வெளியே சத்தம் இல்லை. கொடி பார்த்தால் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து குதிரைகள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் சிலர் வந்தார்கள், குதிரையை மெல்ல நடக்கவிட்டு, வாயைத் திறக்காமல், எங்கேயாவது கேமரா இருக்கிறதா என்று முதலில் சுற்றிப் பார்த்துக்கொண்டு. பெக்மாத் என்கிற கிழவர் என்னிடமே கேட்டார், "இது நெஜந்தானே?" அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முகாமின் சிவப்புக் கொடியைப் பார்த்து இரண்டு தடவை அழுதுகொண்டு வந்து ஏமாந்தவர் அவர்.

அப்புறம் சின்னவர் வந்தார்.

ஷார்கான் அவருக்குச் சொந்தம் மாதிரி. ஏழு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் அவருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் அவள். தூரத்திலிருந்து குரல் கேட்டது, "ஐயோ என் ஈரக்குலையே." உள்ளே எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். சரி, உண்மையான சாவு என்றதும் மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். எழுந்து கம்பளியை விலக்கிப் பார்த்தேன்.

வாசலுக்கு நாற்பது அடி தூரத்தில் குதிரையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். தொப்பியைத் தூக்கிப் பிடித்தார். நாலு மூச்சு நின்றார்.

அங்கே பெஞ்சு இல்லை, கேமரா இல்லை, அவரைப் படம் எடுக்க யாரும் இல்லை. அவருக்கே தெரியவில்லை தான் நிற்கிறோம் என்று. உடம்பு நின்றுவிட்டது. முற்றத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரோ ஒரு பையன் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டான். ஷார்கானின் பெரிய மகள் பாட்டை நிறுத்திவிட்டாள். அவள் அம்மாவின் சாவில் அந்த நாலு மூச்சு நேரம் யாரும் அழவில்லை.

அப்புறம் அவர் அழுதுகொண்டே வந்து இறங்கினார். விழுவதற்கு வைக்கோல் தேடின அவர் கண்ணை நான் பார்த்தேன்.

நீ மன்னிக்கச் சொன்னாய். மன்னித்தேன், எண்ணி எண்ணி மன்னித்தேன். உன்னை மன்னித்தேன், நீ வெட்கப்பட்டுச் செய்தாய், வெட்கப்பட்டே விட்டாய். மீர்பெக்கை மன்னித்தேன், அவனுக்கு யாரும் கொடியின் நிறம் சொல்லிக் கொடுக்கவில்லை. வெர்னர், இங்க்ரித், மார்ட்டின், சூயோன், மின்ஹீ, ஏரிக், படம் பிடித்துப் பரப்பின பாவ்லோ, பிணத்தின் இடத்தில் படுத்த அந்த லொரேன் உள்பட எல்லாரையும் மன்னித்தேன். அவர்கள் எதை மிதித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தவன் ஒருவன். "நெஜமா யாராவது போனா எதை அடிப்பேன்" என்று சுவரைப் பார்த்து அழுதவன். தன் கையில் இருந்தது என்ன என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்துகொண்டே எழுந்து போய்க் கொடுத்தவன். தனிமை என்கிறாய். நானும் தனிதான். உன் தாத்தா போன அன்று இவன் அழுத அழுகையை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருஷம் ஓட்டினேன், என் புருஷனுக்கு ஒருவனாவது நெஞ்சு வெடித்து அழுதான் என்று. இப்போது அதை நினைத்தாலும், அன்றைக்கும் எங்கேயாவது நாலு மூச்சு நின்றானோ என்று மனது எண்ணிப் பார்க்கிறது. அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டான்.

நான் போகும்போது வெள்ளைக் கொடி ஏற்றுங்கள். சுவரைப் பார்த்து நீ உட்கார், உனக்குத் தெரிந்த நாலு வரி போதும். வருகிறவர்கள் அழுதுகொண்டு வந்தாலும் சரி, அழாமல் வந்தாலும் சரி. ஒருவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வந்தால் உட்கார வை, கறி போடு, தேநீர் ஊற்று, மரியாதையில் குறை வைக்காதே. அழ மட்டும் விடாதே.

யார் என்று வாசலில் நிற்பவர்கள் உன்னைக் கேட்பார்கள். பாட்டி எழுதி வைத்திருக்கிறாள் என்று இதைக் காட்டு. உலகமே கத்தும் பெயரை நான் மட்டும் நாக்குக்கு அடியில் வைத்து என்ன செய்யப் போகிறேன். ஐம்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக எழுதுகிறேன். நான் மன்னிக்கப் போவதில்லை என்பவன் பெயர்

சகினாலி.